குளம்புக்குக் கீழே என்ன தரை? ஸ்பெயினில் குதிரைப் பயணத்துக்கு இடம் தேர்ந்தெடுத்தல்

ஸ்பெயின் நாட்டுப்புறத்தில் ஒரு வாரம் குதிரையில் பயணம் செய்வது என்று முடிவெடுத்தவர்களில் பலர் விளம்பரப் படங்களைப் பார்த்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெள்ளைக் குதிரை, வெள்ளையடித்த ஊர், பின்னால் பனிமலை என்று எல்லாப் படங்களும் அழகாகவே இருக்கும். குதிரையின் குளம்புக்குக் கீழே இருப்பது கல்லா, மணலா, புல்லா, தாரா என்பதை மட்டும் படம் சொல்வதில்லை. அந்த வாரம் முழுவதும் குதிரை என்ன வேகத்தில் போகும், மாலையில் இறங்கும்போது முழங்காலும் முதுகும் என்ன நிலையில் இருக்கும், வழியெல்லாம் பேசிக்கொண்டு போக முடியுமா அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு போக வேண்டுமா என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது அந்தத் தரைதான். ஆகவே அல்புஹார்ரா மலைச்சரிவு, டோன்யானாவின் மணல்வெளி, கிரேடோஸ் மலையை ஒட்டிய மந்தைப் பாதைகள், வடமேற்கே கலீசியாவின் யாத்திரைப் பாதை ஆகிய நான்கையும் அந்த ஒரே அளவுகோலை வைத்து இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

அதற்கு முன் ஏறுபவரின் திறமையைப் பற்றி ஒரு சொல். நம் நிகண்டுகள் குதிரையின் கதியை ஐந்தாக வகுக்கும். சவாரி விடுமுறை நடத்துவோர் மூன்றை வைத்தே பேசுகிறார்கள்: நடை, டிராட் எனப்படும் துள்ளுநடை, கேண்டர் எனப்படும் பாய்ச்சல். கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்து நடத்திவர நாம் மேலே அமர்ந்து சென்ற அனுபவம் இந்த மூன்றில் முதலாவதின் பாதிகூட ஆகாது. துள்ளுநடையில் குதிரையின் தாளத்துக்கேற்ப எழுந்து அமரவும், பாய்ச்சலில் சேணத்தை விட்டு அகலாமல் இருக்கவும், ஓடும் குதிரையைத் தானே நிறுத்தவும் தெரிந்தவர்களைத்தான் அவர்கள் நடுத்தர நிலையினர் என்று கணக்கிடுகிறார்கள். பதிவுப் படிவத்தில் இதைப் பெருக்கி எழுதுவதால் பயனில்லை. முதல் நாள் காலையில் அங்கவடியில் கால் வைத்த பத்து நிமிடத்துக்குள் வழிகாட்டிக்கு உண்மை தெரிந்துவிடும், அதன் பிறகு முழுக் குழுவின் வேகமும் குறையும். எடைக்கும் வரம்பு உண்டு. பெரும்பாலோர் 85 முதல் 95 கிலோவுக்குள் ஒரு எல்லையை வைத்திருப்பார்கள், அது குதிரையின் நலனுக்காக வைத்தது என்பதால் அதில் பேரம் பேசுவதற்கு இடமில்லை.

இந்தப் பயணங்கள் இரண்டு விதமாக அமைகின்றன. ஒரே பண்ணை வீட்டில் தங்கி, நாள்தோறும் வெவ்வேறு திசையில் சென்று திரும்புவது ஒன்று. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் குதிரையிலேயே சென்று, ஒவ்வோர் இரவும் புதிய விடுதியில் தங்குவது மற்றொன்று. இதில் பெட்டிகள் வண்டியில் முன்னே போய்விடும். முதல் வகையில் உடல் ஒத்துழைக்காத நாளில் ஓய்வெடுத்துக்கொள்ளலாம், குதிரை ஏறாத துணைவரையும் உடன் அழைத்துச் செல்லலாம். இரண்டாவது வகையில் நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் சேணத்தில் இருந்தாக வேண்டும். நடுவழியில் முடியவில்லை என்றால் பெட்டிகளோடு நீங்களும் வண்டியில் போக வேண்டியதுதான். இருந்தாலும் ஒரு மலையைக் குதிரையில் கடந்து அதன் மறுபக்கத்து ஊருக்குள் நுழைவதில் இருக்கும் நிறைவு, மாலையில் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதில் கிடைப்பதில்லை என்பது என் கருத்து.

தென் ஸ்பெயினில் ஆண்டலூசியாவின் அல்புஹார்ராவிலிருந்து தொடங்கலாம். சியரா நெவாடா மலைத்தொடரின் தென்சரிவு இது. ஐபீரியத் தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான முலாசென் (3,479 மீட்டர்) தலைக்கு மேலே நிற்க, போக்கேய்ரா பள்ளத்தாக்கின் விளிம்பில் பம்பனேய்ரா, பூபியோன், கபிலேய்ரா என்ற மூன்று வெள்ளை ஊர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்திருக்கும். தட்டையான களிமண் கூரைகளும் உருண்டைப் புகைபோக்கிகளும் மொரோக்கோவின் மலையூர்களை நினைவூட்டுவது தற்செயல் அன்று. 1492-இல் கிரனாடா வீழ்ந்த பிறகும் முஸ்லிம் குடிகள் நெடுங்காலம் வாழ்ந்த பகுதி இது. 1568-இல் தொடங்கிய கிளர்ச்சி அடக்கப்பட்டபோதுதான் அவர்கள் பெருமளவில் வெளியேற்றப்பட்டார்கள். பனியுருகிய நீரைச் சரிவு முழுவதற்கும் கொண்டுசெல்ல அவர்கள் வெட்டிய வாய்க்கால்களில் பல இன்றும் ஓடுகின்றன, அவற்றின் கரைகளே பல இடங்களில் சவாரிப் பாதையாகவும் இருக்கின்றன.

இங்கே தரை கல். கோவேறு கழுதைகளுக்காகப் போடப்பட்ட கல் பாவிய பழம்பாதைகள் வளைந்து வளைந்து ஏறும். குதிரை நாள் முழுவதும் நடையில்தான் போகும். செங்குத்தான இறக்கங்களில் நாம் இறங்கி, கடிவாளத்தைப் பிடித்து நடத்திச் செல்ல வேண்டியிருக்கும். வேகத்தை விரும்பும் இளைஞருக்கு மூன்றாம் நாளே சலிப்புத் தட்டலாம். புதிதாகக் கற்றவருக்கோ இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது, ஏனெனில் மலையில் பழகிய குதிரை தன் கால் வைக்கும் இடத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும், ஏறியவர் செய்ய வேண்டியது அதற்குக் குறுக்கே நிற்காமல் இருப்பது மட்டுமே. உயரத்துக்கு அஞ்சுபவர்கள் மட்டும் இரண்டு முறை யோசிக்க வேண்டும், பள்ளத்தாக்கு சில இடங்களில் நேராக முழங்காலுக்குக் கீழே தெரியும். ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் உகந்தவை. குளிர்காலத்தில் மேல்பாதைகள் பனியில் மூடிவிடும்.

டோன்யானா இதற்கு நேரெதிர். குவாதல்கிவிர் ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் இடத்தில் மணல்மேடும் சதுப்பும் பைன் காடும் கலந்து கிடக்கும் சமவெளி இது. 1969-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, 1994-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இதன் விளிம்பில் எல் ரோசியோ என்ற ஊர் இருக்கிறது. அங்கே தெருக்களுக்குத் தார் போடவில்லை. வீட்டு வாசல்களில் கார் நிறுத்தும் இடத்துக்குப் பதிலாகக் குதிரை கட்டும் மரச்சட்டங்கள் நிற்கின்றன, மதுக்கடை வாசலில் குதிரையை விட்டு இறங்காமலேயே ஷெர்ரி கோப்பையை வாங்கிக்கொள்பவர்களைப் பார்க்கலாம். பெந்தகோஸ்து விழாவின்போது மாதாவைத் தரிசிக்கப் பல லட்சம் பேர் குதிரையிலும் மாட்டு வண்டியிலும் நடந்தும் இங்கே திரள்கிறார்கள். அது விடுமுறைச் சவாரிக்கு ஏற்ற வாரம் அன்று, அறையும் கிடைக்காது, நல்ல குதிரையும் கிடைக்காது. 2027-இல் அந்த நாள் மே 16-ஆம் தேதி வருகிறது. அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்தை விட்டுவிடுவது நல்லது. குதிரைகளுக்காகவே நடக்கும் விழாவைக் காண விரும்புபவர்களுக்கு ஜூன் 26 ஏற்ற நாள். சதுப்பு நிலத்தில் ஆண்டு முழுவதும் அவிழ்த்துவிட்டபடி திரியும் பெண் குதிரைகளையும் குட்டிகளையும் அன்று ஓட்டிக்கொண்டு எல் ரோசியோ வழியாக அல்மோந்தே நகருக்குக் கொண்டுவருவார்கள்.

மணல் என்றால் பாய்ச்சல். பைன் காட்டு மணற்பாதைகளிலும், மட்டலாஸ்கான்யாஸிலிருந்து மசகோன் பக்கம் நீளும் கடற்கரையிலும் குதிரைகள் தாமாகவே வேகமெடுக்கும். கால் இடறினாலும் கீழே மணல் என்ற ஆறுதல் ஒன்று உண்டு. ஆனால் ஆழமான மணலில் பாய்வது குதிரைக்கும் கடினம், ஏறியவரின் தொடைக்கும் கடினம். குழு பாயத் தொடங்கிவிட்டால் உங்கள் குதிரை மட்டும் நடையில் வராது என்பதால், பாய்ச்சலில் நிறுத்தத் தெரியாதவர்கள் இங்கே வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: டோன்யானாவில் சவாரி என்று விற்கப்படும் பயணங்களில் பெரும்பகுதி பூங்காவின் கண்டிப்பான பாதுகாப்பு எல்லைக்கு வெளியே, அதைச் சூழ்ந்த இயற்கைப் பூங்காவிலும் ஊர்க் காடுகளிலும் நடப்பவை. ஐபீரிய லின்க்ஸ் பூனையைச் சேணத்திலிருந்து காணலாம் என்ற வாக்குறுதியை நம்பிப் பணம் கட்டக் கூடாது. சதுப்பைப் பார்க்க வருபவர்கள் நீர் இருக்கும் வசந்த காலத்திலேயே வர வேண்டும். மழைக்குறைவாலும், சுற்றிலும் உள்ள ஸ்ட்ராபெரிப் பண்ணைகள் நிலத்தடி நீரை உறிஞ்சுவதாலும், நிலையான ஏரி என்று கருதப்பட்ட சாந்தா ஒலாய்யாவே 2022 கோடையில் வற்றிப்போனது. கோடையின் பிற்பகுதியில் கொசுவும் ஒரு கவலை. 2020-இல் குவாதல்கிவிரின் கீழ்ப்பகுதி ஊர்களில் மேற்கு நைல் காய்ச்சல் பரவி உயிரிழப்புகளும் நேர்ந்தன, அந்நோய் குதிரைகளையும் தாக்கும். கடற்கரைச் சவாரியை மட்டும் விரும்புபவர்கள் இன்னும் தெற்கே தாரிஃபாவுக்கும் போலோனியாவுக்கும் செல்லலாம். அங்கே பாயலோ கிளாவுடியா என்ற உரோமானிய ஊரின் தூண்கள் கடற்கரையை ஒட்டியே நிற்கின்றன. எந்தக் கடற்கரையானாலும், மக்கள் நீராடும் கோடைப் பருவத்தில் பல இடங்களில் குதிரைக்குத் தடை உண்டு, லெவாந்தே எனப்படும் கிழக்குக் காற்று வீசத் தொடங்கினால் மணல் முகத்தில் அறையும்.

மூன்றாவது தேர்வைப் பற்றித்தான் நான் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் விளம்பரங்களில் அது குறைவாகவே இடம்பெறுகிறது. மத்திய ஸ்பெயினில் ஆட்டு மந்தைகளும் மாட்டு மந்தைகளும் குளிர்காலத்தில் தெற்கே எக்ஸ்ட்ரெமதூராவின் சமவெளிக்கும், கோடையில் வடக்கே மலைப் புல்வெளிக்கும் இடம்பெயர்வது பல நூற்றாண்டு வழக்கம். மந்தை உரிமையாளர்களின் சங்கமான மெஸ்தாவுக்கு 1273-இல் பத்தாம் அல்ஃபோன்சோ அரசர் உரிமைகளை உறுதிசெய்தார், 1836-இல் அச்சங்கம் கலைக்கப்பட்டது. ஆனால் பாதைகள் மறையவில்லை. பெரிய மந்தைப் பாதையான கன்யாதாவின் அகலம் 90 வாரா, அதாவது ஏறத்தாழ 75 மீட்டர் என்று வரையறுக்கப்பட்டது. நம் ஊர் தேசிய நெடுஞ்சாலைகளில் பலவற்றைவிட இது அகலம். இன்று நாடு முழுவதும் சுமார் 1,25,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்தப் பாதைகள் பரவியிருக்கின்றன. 1995-ஆம் ஆண்டின் சட்டம் இவற்றை விற்கவோ ஆக்கிரமிக்கவோ முடியாத பொதுச் சொத்தாக அறிவித்ததோடு, நடைப்பயணத்தையும் குதிரைச் சவாரியையும் இவற்றின் துணைப் பயன்பாடுகளாகப் பெயர் சொல்லியே ஏற்றுக்கொண்டது. அதாவது ஒரு குதிரைக்காரர் யாருடைய வேலியையும் தாண்டாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் நாட்கணக்கில் போகத்தக்க நிலம் இது. சட்டப் புத்தகத்தில் இருக்கும் அகலம் நிலத்தில் எல்லா இடத்திலும் மிஞ்சவில்லை என்பது உண்மையே. சில இடங்களில் உழவரும் சாலையும் அதை விழுங்கிவிட்டார்கள்.

இந்தப் பாதைகளைக் குதிரையில் அனுபவிக்க ஏற்ற பகுதி, மாட்ரிடிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் எட்டக்கூடிய கிரேடோஸ் மலைத்தொடர். அல்மன்சோர் (2,592 மீட்டர்) இதன் உச்சி. வடசரிவில் தோர்மெஸ் ஆற்றோரம் கோடையிலும் பசுமை மாறாத புல்வெளிகள் இருக்கின்றன. அங்குள்ள நவர்ரெதோந்தாவில்தான் ஸ்பெயின் அரசின் பாரதோர் விடுதிகளில் முதலாவது 1928-இல் திறக்கப்பட்டது. தென்சரிவு திடீரென்று இறங்கி, செர்ரியும் அத்தியும் விளையும் பள்ளத்தாக்குகளில் முடிகிறது. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 1,390 மீட்டர் உயரத்தில் உள்ள பிகோ கணவாயில், உரோமானியர் போட்ட கல்பாதை வளைந்து வளைந்து இறங்குவதை இன்றும் முழுதாகக் காணலாம். ஜூன் மாதத்தில் கருநிற அவிலேன்யா மாடுகளை மேய்ப்பர்கள் குதிரையில் அமர்ந்து இதே கல்பாதை வழியாக மலைக்கு ஓட்டிச் செல்கிறார்கள், குளிர் தொடங்கும்போது மீண்டும் கீழே இறக்குகிறார்கள். சில பயண ஏற்பாட்டாளர்கள் அந்த ஓட்டத்தில் விருந்தினர்களையும் சேர்த்துக்கொள்வதுண்டு. அதில் மாட்டின் வேகம்தான் குதிரையின் வேகம், தூசியும் மணியோசையும் இலவசம்.

மலையைத் தாண்டித் தெற்கே சென்றால் தெஹேசா எனப்படும் ஓக் மரத் தோப்புநிலம் தொடங்கும். ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் மரங்கள், அடியில் புல், புல்லில் மாடும் கரும்பன்றியும் என்று கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே காட்சி. இந்த நிலத்தில் மென்மையான மண்ணும் தெளிவான பார்வையும் இருப்பதால், அனைத்துக் கதிகளுக்கும் இடம் உண்டு: கல்லில் நடை, மண்பாதையில் துள்ளுநடை, புல்வெளியில் நீண்ட பாய்ச்சல். ஒரே நாளில் மூன்றையும் தரும் தரை மற்ற மூன்று இடங்களிலும் இல்லை. ஐந்தாம் சார்லஸ் பேரரசர் முடி துறந்து யூஸ்தே மடத்துக்குப் போனபோது, 1556-இல், இம்மலையின் தொர்னவாக்காஸ் கணவாயைக் கடந்தார். ஒரு காலத்தில் பெரிய குதிரைவீரராக இருந்தவரை அப்போது கீல்வாதம் முடக்கியிருந்ததால் பல்லக்கில் தூக்கிச் சென்றார்கள். அந்த வழியில் இன்று நடந்தும் குதிரையிலும் போகிறார்கள். குறை என்று சொன்னால், ஊர்கள் சிறியவை, ஆங்கிலம் தெரிந்தவர்கள் குறைவு, எக்ஸ்ட்ரெமதூராவில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயில் 40 பாகையைத் தாண்டும். ஆகவே கோடையில் மலையின் வடபக்கத்தையும், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் தெஹேசாவையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்காவது, புனித யாக்கோபின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் சாந்தியாகோ நகருக்குச் செல்லும் கிறிஸ்தவ யாத்திரை. கலீசியாவின் எல்லையில் சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள ஓ செப்ரெய்ரோவில் தொடங்கி, ஏறத்தாழ 160 கிலோமீட்டரை ஒரு வாரத்தில் கடப்பது வழக்கமான திட்டம். யாத்திரை முடித்ததற்கான கொம்போஸ்தெலா சான்றிதழ் பெற, நடந்தோ குதிரையிலோ குறைந்தது கடைசி 100 கிலோமீட்டர் வந்திருக்க வேண்டும், சைக்கிளுக்கு அது 200. வழியில் ஒவ்வொரு நாளும் முத்திரை வாங்க வேண்டும். இதன் பொருள் பக்தியிலும் வரலாற்றிலும் இருக்கிறது, சவாரியில் இல்லை என்று சொன்னால் யாத்திரிகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. 2024-இல் சாந்தியாகோவில் பதிவுசெய்தவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். அவர்களில் பெருங்கூட்டம் சாரியா என்ற ஊருக்குப் பிந்தைய இதே வழியில்தான் நடக்கிறது. முதுகுப்பையோடு நடப்பவர்களுக்கு இடையே குதிரையை ஒதுக்கி ஒதுக்கிப் போகையில் பாய்ச்சல் என்ற பேச்சுக்கே இடமில்லை. நடுநடுவே தார்ச்சாலையும் குறுக்கிடும், தாரில் லாடம் வழுக்கும். யாத்திரிகர் விடுதிகள் மனிதர்களுக்கானவை, குதிரைக்கு லாயத்தையும் தீவனத்தையும் ஏற்பாட்டாளர்தான் ஒவ்வோர் ஊரிலும் தேடியிருக்க வேண்டும். மழையும் கலீசியாவின் இயல்பு. எனினும் கூட்டத்தில் பல நாட்டவரோடு பேசிப் பழகுவதை விரும்புபவர்களுக்கும், பயணத்துக்கு ஒரு முடிவிடம் வேண்டும் என்பவர்களுக்கும் இது நிறைவளிக்கும். புனித யாக்கோபு திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டு புனித ஆண்டாகக் கொண்டாடப்படுகிறது, அடுத்தது 2027. அந்த ஆண்டு கூட்டம் இன்னும் பெருகும் என்பதால், சவாரியை முதன்மையாகக் கருதுபவர்கள் அந்தக் கோடையைத் தவிர்க்கலாம்.

இவை தவிர மெனோர்கா தீவைச் சுற்றி 185 கிலோமீட்டர் ஓடும் காமி தே கவால்ஸ் பாதையும் உண்டு. கடலோரக் காவலுக்காகக் குதிரைவீரர்கள் சுற்றிய பழம்பாதை அது. பெயரிலேயே குதிரை இருந்தாலும் பல இடங்களில் கரடுமுரடான பாறை, அதோடு தீவுக்கு இன்னொரு விமானமும் ஏற வேண்டும். முதல் பயணத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

எந்தப் பகுதியாக இருந்தாலும் குதிரையும் சேணமும் ஏறத்தாழ ஒரே மரபைச் சேர்ந்தவை, குறிப்பாகத் தெற்கில். ஆண்டலூசியக் குதிரையோ அதன் கலப்போ உயரத்தில் நடுத்தரம், உடலில் உருண்டு திரண்டது, பதற்றம் குறைந்தது. மாடு மேய்ப்பவர்களின் வக்கேரா சேணம் அகலமானது, முன்னும் பின்னும் உயர்ந்து உடலைத் தாங்கும், மேலே ஆட்டுத்தோல் விரித்திருக்கும். பள்ளிகளில் ஆங்கிலச் சேணத்தில் கற்றவர்களுக்கு முதல் நாள் அது சற்று அந்நியமாக இருக்கும், நான்காம் நாள் இறங்க மனம் வராது. கடிவாளத்தை ஒரே கையில் பிடித்து, கழுத்தில் படும் தொடுதலால் திருப்பும் முறையை வழிகாட்டி சொல்லித் தருவார்.

செலவில் இடத்தைவிட ஏற்பாட்டின் தரமே வேறுபாட்டை உண்டாக்குகிறது. விமானக் கட்டணம் நீங்கலாக, உணவும் தங்கலும் சேர்ந்த ஒரு வாரத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் யூரோவில் தொடங்கி இரண்டாயிரத்துக்கு மேலும் கேட்பார்கள். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் அந்தக் காப்பீடுகளில் பல குதிரைச் சவாரியைச் சாகச விளையாட்டு என்று விலக்கிவைத்திருக்கும் என்பதால், அச்சில் இருக்கும் விலக்குப் பட்டியலைப் படித்த பிறகே வாங்க வேண்டும். சைவ உணவுக்காரர்கள் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஏனெனில் இந்த நாட்டுப்புறத்தில் கீரைக் குழம்பிலும் பன்றித் தொடை இறைச்சித் துண்டு ஒன்றிரண்டு கிடப்பதை யாரும் இறைச்சியாகக் கருதுவதில்லை. கொண்டைக்கடலையும் கீரையும் சேர்ந்த கறி, உருளைக்கிழங்கு முட்டை ஆம்லெட், கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல் ஆகியவை தெற்கில் கைகொடுக்கும். இரவு உணவு ஒன்பதரைக்கு முன் வராது, பையில் கொஞ்சம் கடலைமிட்டாய் இருந்தால் நல்லது.

ஆக, ஆறு மாதம் முன்புதான் கற்றுக்கொள்ளத் தொடங்கியவருக்கும், குதிரை ஏறாத துணைவரோடு வருபவருக்கும் அல்புஹார்ராவில் ஒரே பண்ணையில் தங்கும் பயணம் போதுமானது. பாய்ச்சலில் உறுதியாக அமரத் தெரிந்து, வேகமே குறிக்கோள் என்பவர் மே முதல் வாரத்திலோ அக்டோபரிலோ டோன்யானாவுக்குப் போகட்டும். மூன்று கதிகளும் ஓரளவு கைவந்திருந்தால் நான் தயக்கமின்றி கிரேடோஸைச் சொல்வேன், அதிலும் ஊர்விட்டு ஊர் செல்லும் வகையை. இடம் முடிவானதும் ஏற்பாட்டாளருக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடலாம்: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சேணத்தில் இருப்போம், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், வழியில் எத்தனை கிலோமீட்டர் தார்ச்சாலை வருகிறது. மூன்றாவது கேள்விக்கு எண்ணாகப் பதில் சொல்பவரிடம் முன்பணம் கட்டலாம்.